எம்டி0 போய் எம்டி127 வந்திருக்கிறது: படங்கள் பத்திரமாக இருக்கின்றனவா?

சத்துவாச்சாரியிலிருந்து கேள்வி:
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் சிறிய ஸ்டுடியோ நடத்துகிறேன். வாடிக்கையாளர்களின் திருமணப் படங்கள் 2 டெராபைட் வன்தட்டுகள் இரண்டில், லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 1 முறையில் (இரண்டு தட்டிலும் ஒரே நகல்) உள்ளன. சென்ற வாரம் இரண்டையும் கழற்றிவைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவி, மீண்டும் இணைத்தேன். முதல் நாள் தொகுப்பைக் கையால் மவுண்ட் செய்து (கணினியில் திறந்து) ஒரு திருமணத்தின் படங்களைச் சேர்த்தேன். மறுநாள் தொடக்கத்தில் தானாகத் திறக்க வேண்டிய தட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், தொகுப்பின் பழைய பெயரான எம்டி0 என்று எழுதியபின், கணினி 90 விநாடி காத்திருந்து அவசரநிலைத் திரையில் நின்றுவிடுகிறது. எம்டி127 என்றொரு பெயரும், 'கிக்கிங் நான்-ஃப்ரெஷ் எஸ்டிபி1' (இரண்டாம் தட்டு பழையதாகிவிட்டதால் விலக்கப்படுகிறது) என்ற வரியும் தெரிகின்றன. 'கிரியேட்' கட்டளையால் தொகுப்பைப் புதிதாக அமைக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து பதில்:
ஐயா, 'கிரியேட்' கட்டளையை மட்டும் தொடாதீர்கள். நல்ல தட்டின் மீது பழைய தட்டு நகலாகிவிட்டால், கடைசியாகச் சேர்த்த படங்கள் திரும்பாது.

எம்டி127 என்பது பிழையன்று. தட்டுகள் இல்லாத நிலையில் நிறுவியதால், ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் நிரலின் கான்ஃப் (அமைப்பு) கோப்பில் உங்கள் தொகுப்பைக் குறிக்கும் வரி இல்லை. அவ்வாறு பெயர் தெரியாமல் கண்டெடுக்கப்படும் தொகுப்புக்கு 127 முதல் கீழ்நோக்கி எண் தரப்படுகிறது. எம்டி0 என்ற பெயரில் எதுவும் இல்லாததாலேயே அந்த 90 விநாடிக் காத்திருப்பு. உங்களைக் கலங்கவைத்தது பெயர் மாற்றம். ஆனால் கவனிக்க வேண்டியது 'நான்-ஃப்ரெஷ்' வரி. ஒரு தட்டு சிறிது காலம் விலகியிருந்து, அதற்குள் மற்றதில் எழுதப்பட்டுவிட்டால், பின்தங்கிய தட்டை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் சேர்க்க மறுக்கும். இரண்டு தட்டிலும் எம்டிஆட்மின் 'எக்ஸாமின்' கட்டளை கொடுத்து, மாற்றங்களுக்கேற்ப ஏறும் ஈவன்ட்ஸ் எண்களையும், தொகுப்பின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் தெரிவதையும் எழுதுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து:
எஸ்டிஏ1 இல் 21874, எஸ்டிபி1 இல் 21860. எம்டிஸ்டாட்டில் சதுர அடைப்புக்குள் ஒரு 'யு', அடுத்து ஓர் அடிக்கோடு.

குடியாத்தத்திலிருந்து:
அப்படியானால் ஈவன்ட்ஸ் எண் கூடுதலாக உள்ள எஸ்டிஏ1 தான் அண்மையது; 'யு' இயங்கும் தட்டு, அடிக்கோடு விலகிய தட்டின் இடம். முதலில் படங்களை வேறொரு வெளித்தட்டுக்கு நகலெடுங்கள். ஒற்றைத் தட்டை நம்பி எதையும் தொடங்குவது எனக்கு ஒப்பாது. பிறகு கணினியை அணைத்து, எஸ்டிபியின் சாட்டா கேபிளைச் சரிபாருங்கள். மீண்டும் இயக்கும்போது எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் இடம் மாறக்கூடும் என்பதால், தட்டின் வரிசை எண்ணைப் பார்த்து உறுதிசெய்த பின்னரே விலகிய தட்டைத் திரும்பச் சேர்க்கும் 'ரீ-ஆட்' கொடுங்கள். மாறிய பகுதிகளைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்தால் அப்பகுதிகள் மட்டும் நகலாகும்; இல்லையெனில் 'ரீ-ஆட்' மறுக்கப்படும், 'ஆட்' கொடுக்க வேண்டும், முழுத் தட்டும் நகலாகப் பல மணி நேரம் பிடிக்கும். அது முடிந்ததும் 'டீடெய்ல் ஸ்கேன்' தரும் வரியை, அதிலுள்ள பெயரை எம்டி0 என மாற்றி, கான்ஃப் கோப்பில் சேர்த்து, தொடக்கக் கோப்புகளைப் புதுப்பிக்கும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' ஓட்டுங்கள். தொடக்கத்தில் படிக்கப்படுவது அக்கோப்பின் நகலே என்பதால் இதை விட்டால் பலனில்லை. எஃப்எஸ்டேப்பில் எம்டி0 க்குப் பதிலாக, பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண்ணான யுயுஐடி எழுதிவிடுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து:
மிக்க நன்றி ஐயா. எஸ்டிபியின் கேபிள் பாதி மட்டுமே செருகியிருந்தது. விரலால் அழுத்தியதும் 'டக்' என்று அமர்ந்தது. பிட்மேப் இருந்ததால் சில நிமிடங்களில் நகலாகி, இப்போது அடைப்புக்குள் இரண்டு 'யு' தெரிகின்றன. இரண்டு முறை மீண்டும் தொடங்கிப் பார்த்தேன். எம்டி0 ஆகவே வருகிறது. கடைசித் திருமணத்தின் படங்களையும் திறந்து சரிபார்த்துவிட்டேன்.