கத்திரி வெயிலில் ரைடிங் ஜாக்கெட்டுக்குள் எதை அணிவது? வேலூர் – திருப்பத்தூர் பயணத்துக்கு உதவி தேவை

காட்பாடிப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். வீடு காட்பாடியில். மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. வாரத்தில் நான்கு நாட்களாவது ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத் திருப்பத்தூர் வரை பைக்கில் போய்வருகிறேன். ஒரு வழிக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காலையில் சமாளித்துவிடலாம். திரும்புவது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு.

சென்ற ஆண்டு பள்ளிகொண்டா அருகே சாலையில் சிதறிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கி விழுந்தேன். முழங்கையும் தோளும் தப்பியது ஜாக்கெட்டால்தான். ஆகவே, "வெயிலுக்கு ஜாக்கெட் எதற்கு, கழற்றி வையுங்கள்" என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை வீட்டிலும் அலுவலகத்திலும் போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

ஜாக்கெட் வலைத்துணி வகை. அதன் மழை லைனிங்கை (மழைநீர் புகாமல் தடுக்கும் உள்ளடுக்கு) கழற்றிவிட்டேன். உள்ளே கையில்லாத பருத்தி பனியன் அணிவது வழக்கம். ஆம்பூர் வருவதற்குள் அதைப் பிழிந்தால் சொட்டும். ஜாக்கெட்டின் உள்துணி வெறுங்கையில் ஒட்டிக்கொள்கிறது, கழற்றும்போது கைப்பகுதி மொத்தமும் புரண்டு வெளியே வருகிறது. முதுகெல்லாம் வேர்க்குரு, தொடையிடுக்கில் உராய்ந்து எரிச்சல். இதற்காகப் போன வாரம் முழுக்கை இன்னர், அதாவது ஜாக்கெட்டுக்குள் அணியும் உள்சட்டை, ஒன்று வாங்கினேன். பாலியஸ்டருடன் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் (இழுபடும் இழை) கலந்தது, கறுப்பு நிறம். அணிந்து பார்த்தால் முன்பைவிட மோசமாக இருக்கிறது. பணம் வீணா? வேறு எதை வாங்குவது?

பாலாற்றங்கரை:

தம்பி, நான் முப்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். இந்த ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல் ஒன்று கிடையாது. பாலியஸ்டர் அணிந்தால் உடம்பு வெந்துவிடும். நல்ல தளர்வான பருத்தி பனியனை வாங்குங்கள், போதும்.

குடியாத்தம் பின்னல்:

பாலாற்றங்கரை ஐயா சொல்வது சட்டைக்குப் பொருந்தும். திறந்த காற்றில் தளர்வான பருத்திச் சட்டை மிக நல்லது. ஜாக்கெட்டுக்குள் கதை வேறு. நான் திருப்பூரில் பின்னலாடைத் தரப் பரிசோதனையில் 11 ஆண்டுகள் இருந்தவன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நம் தோலின் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டி இருக்கும். வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரை, காற்று பட்டாலே உடம்பு குளிரும். வேலூரில் மே மாதத்துப் பிற்பகலில் காற்று 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அந்தக் காற்று உடம்பிலிருந்து வெப்பத்தை எடுப்பதில்லை, கொண்டுவந்து சேர்க்கிறது. அப்போது உடம்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். துணியில் தேங்கிச் சொட்டும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை. ஆக, வியர்வையைத் தோலிலிருந்து எடுத்துப் பரப்பி, காற்றில் விடும் துணிதான் நமக்கு வேண்டும்.

பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். சாதாரணக் காற்றில்கூடத் தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரம் வைத்திருக்கும். பாலியஸ்டரில் அது 0.4 சதவீதம்தான். அதனால் வியர்வை பாலியஸ்டர் இழைக்குள் நுழைய முடியாமல் இழைகளுக்கு நடுவே ஓடிப் பரவுகிறது, சீக்கிரம் காய்கிறது. பருத்தி நனைந்தால் கனத்துத் தொங்கும், ஒட்டும், தோலை அறுக்கும். உங்கள் வேர்க்குருவுக்கும் உராய்வுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

ஆனால் எல்லாப் பாலியஸ்டரும் ஒன்றல்ல. மூன்று கேள்விகள். இன்னரின் உட்பக்கம் வழவழப்பா, அல்லது பூனைமுடி போல் மெத்தென்று இருக்கிறதா? அதைத் தோலோடு ஒட்டி அணிந்தீர்களா? எப்படித் துவைத்தீர்கள்?

காட்பாடிப் பயணி:

உட்பக்கம் வழவழப்புத்தான் அண்ணா. வழக்கம் போல் பனியனை அணிந்து அதன் மேல் இன்னரை அணிந்தேன். வாங்கியதும் அம்மா மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தார். கடைசியில் மணத்துக்காகவும் மென்மைக்காகவும் ஊற்றும் திரவத்தில் ஊற வைப்பது வழக்கம்.

குடியாத்தம் பின்னல்:

இன்னர் மேல் தவறு இல்லை. மெத்தென்று இருந்திருந்தால் அது குளிர்காலத்துக்கானது, ஏலகிரியில் டிசம்பர் இரவுக்கு ஆகும் என்று சொல்லியிருப்பேன். உங்களுடையது அப்படி இல்லை.

பனியன்தான் முதல் காரணம். தோலில் படுவது பருத்தியாக இருந்தால் வியர்வை அங்கேயே தங்கிவிடும், மேலே இருக்கும் இன்னருக்கு வந்து சேராது. கூடுதலாக ஒரு துணி ஏறியதுதான் மிச்சம். அந்தத் திரவம் இரண்டாவது காரணம். அது இழை மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடுவதை அந்தப் பூச்சு தடுக்கும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை துவைத்து, நன்றாக அலசி, நிழலில் காய வையுங்கள். பிறகு துணியை உட்பக்கம் மேலே வருமாறு விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் அகலமாகப் பரவினால் துணி வேலை செய்கிறது. முத்து போல் நின்றால் இன்னும் பூச்சு போகவில்லை, அல்லது அந்தத் துணியே சரியில்லை.

இனி வாங்கும்போது சதுர மீட்டருக்கு 120 முதல் 160 கிராம் வரை எடையுள்ள துணியாகப் பாருங்கள். தையல் தட்டையாக இருக்க வேண்டும். தோள் பட்டையும் முழங்கைப் பேடும் (அடிபடாமல் காக்கும் திண்டு) அழுத்தும் இடத்தில் தடித்த தையல் இருந்தால் ஒரு மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும். உடம்போடு ஒட்டி இருக்கட்டும், மூச்சை இறுக்க வேண்டாம். கை முழுநீளம் கட்டாயம். ஜாக்கெட்டின் உள்துணி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கழன்று வர அதுதான் உதவும். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், வெயில் படுவது ஜாக்கெட்டின் மேல்தானே.

ஆம்பூர் தோல்:

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். பாலியஸ்டர் 250 டிகிரியை ஒட்டி உருகும். மேலே ஜாக்கெட் தாங்கும் வரை பிரச்சினை இல்லை. ஜாக்கெட் தேய்ந்து கிழிந்தால் சாலையின் உராய்வுச் சூட்டில் உள்துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளலாம். விழுந்த ஜாக்கெட்டையே இன்னும் அணிகிறீர்கள் என்றால், முழங்கைப் பக்கத்துத் துணியையும் தையலையும் இன்றே விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். வசதி இருந்தால் மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளியில் செய்த இன்னர் உண்டு. அது உருகாது, நாற்றமும் சீக்கிரம் பிடிக்காது. விலை அதிகம், பூச்சி அரிக்காமல் காக்கவும் வேண்டும். கம்பளி என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், அது மெல்லிய பனியன் போலத்தான் இருக்கும்.

பாலாற்றங்கரை:

பின்னல் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் ஓட்டுவது சத்துவாச்சாரிக்கும் பழைய பஸ் நிலையத்துக்கும் நடுவே, அதுவும் ஜாக்கெட் இல்லாமல். 90 கிலோமீட்டரை நான் கணக்கில் கொள்ளவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வெயிலில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வயலில் நிற்கிறோமே, அது குளிர்ச்சி தருகிறதே?

குடியாத்தம் பின்னல்:

அருமையான கேள்வி ஐயா. அதை இங்கேயும் பயன்படுத்தலாம். பருத்தி தண்ணீரை அதிகம் பிடித்து மெதுவாக விடும், அதனால் கழுத்துக்கு ஈரப் பருத்தித் துண்டு மிக நல்லது. முனைகளை ஜாக்கெட்டுக்குள் செருகிவிட வேண்டும், தொங்கவிட்டால் சக்கரத்திலோ செயினிலோ மாட்டும்.

இன்னரையும் நனைக்கலாம். வாணியம்பாடியில் கிளம்பும்போது தண்ணீரில் முக்கிப் பிழிந்து அணியுங்கள். ஜாக்கெட்டின் கழுத்தையும் மணிக்கட்டையும் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் போதும். காற்று அளவாக நுழைந்தால் ஈரம் நீண்ட நேரம் நிற்கும், முழுவதும் திறந்தால் சிறிது நேரத்தில் உலர்ந்து அனல் அடிக்கத் தொடங்கும். நம் பக்கத்து வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். சென்னையை நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் கூடுவதால் அங்கே இவ்வளவு பயன் இருக்காது.

வார்டு எண் 7:

நான் செவிலி. தோல் பற்றி மட்டும் சொல்கிறேன் சகோதரா. தொடையிடுக்கில் எரிச்சலோடு வட்டமாக, ஓரம் தடித்துச் சிவந்து, அரிப்பும் இருந்தால் அது உராய்வு அல்ல, படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பைத் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு சில நாட்கள் அமுக்கிவைத்துவிட்டுப் பிறகு இன்னும் பரப்பிவிடும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு முறை அணிந்த இன்னரைத் துவைக்காமல் மறுநாள் அணியாதீர்கள்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. ஓட்டும்போது தலைசுற்றல், குமட்டல், கால் பிடிப்பு வந்தால் உடனே நிழலில் நிறுத்துங்கள். ஹெல்மெட், ஜாக்கெட்டைக் கழற்றி, ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்பிட்ட மோரோ குடியுங்கள். பேச்சு குழறினாலோ, மனம் குழம்பினாலோ அது வெப்பத்தாக்கு. பக்கத்தில் இருப்பவர்கள் 108-ஐ அழைத்துவிட்டு, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஆம்பூர் தோல்:

இன்னும் ஒரு சந்தேகம். ஜாக்கெட்டின் மழை லைனிங்கைக் கழற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ரைடிங் பேன்ட்டுடையதை?

காட்பாடிப் பயணி:

இப்போதுதான் பார்த்தேன். இடுப்புக்குள் ஒரு ஜிப், கணுக்கால் பக்கம் இரண்டு பட்டன்கள். உள்ளே மழை லைனிங் அப்படியே இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதோடுதான் ஓட்டியிருக்கிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் காலை விட்டது போல் இருந்ததன் காரணம் இதுதான். மிக்க நன்றி அண்ணா.

காட்பாடிப் பயணி (ஒன்பது நாட்களுக்குப் பிறகு):

நடந்ததைச் சொல்ல வந்தேன். இன்னரை இரண்டு முறை துவைத்தேன். முதல் துவைப்புக்குப் பின் சொட்டு முத்தாகவே நின்றது, இரண்டாவதுக்குப் பின் பரவியது. பனியன் இல்லாமல் அணிகிறேன். ஜாக்கெட் கை இப்போது ஒட்டாமல் கழன்று வருகிறது. முதுகு வேர்க்குரு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

நேற்று இரண்டரை மணிக்கு வாணியம்பாடியில் இன்னரை நனைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆம்பூர் வரை குளுமை தெரிந்தது, அதற்கு மேல் காய்ந்துவிட்டது. மாதனூரில் நிறுத்தி மறுபடி நனைத்தேன், பள்ளிகொண்டா தாண்டும் வரை தாங்கியது. வெயில் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் தரையில் படுத்துவிடும் நிலை நேற்று இல்லை.

தொடையிடுக்கில் இருப்பது படர்தாமரை என்று மருத்துவர் உறுதி செய்தார், மருந்து நடக்கிறது. செவிலி அக்காவுக்கு என் நன்றி. ஜாக்கெட்டின் வலது முழங்கையில் ஒரு தையல் விட்டிருந்தது, அதைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். கால்களுக்கும் இதே வகையில் நீள இன்னர் வாங்கலாமா, அல்லது தொடை வரை இருந்தால் போதுமா?

குடியாத்தம் பின்னல்:

நீளமானதே வாங்குங்கள். முழங்கால் பேட் வெறுந்தோலில் உரசாமல் இருக்கும். உட்காரும் இடத்தில் குறுக்குத் தையல் இல்லாததாகப் பாருங்கள். உள்ளே பருத்தி ஜட்டி வேண்டாம், பனியன் செய்த அதே வேலையை அதுவும் செய்யும். தினமும் துவைத்து மாற்ற மேலுக்கும் காலுக்கும் இரண்டிரண்டு வேண்டும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உட்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தே வாங்குங்கள்.