புதுப்பிப்பு: டியூப் லைட் எரிந்தால் வேலை செய்யாத ஃபேன் ரிமோட்
டியூப் லைட்டைப் போட்டால் ஃபேன் ரிமோட் வேலை செய்வதில்லை, அணைத்தால் செய்கிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, காரணம் பிடிபட்டுவிட்டது. பேட்டரி இல்லை, டியூப் லைட்டுக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக் கொடுக்கும் எலக்ட்ரானிக் சோக்தான்! அது குழலைப் பல பத்தாயிரம் ஹெர்ட்ஸில் எரிய வைக்கிறது. ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரும் பெரும்பாலும் 38 கிலோஹெர்ட்ஸ் வாக்கில்தான் துடிக்கும். சந்தை இரைச்சலில் ரகசியம் பேசியது போல, ஃபேனில் அந்தக் கதிரை வாங்கும் ரிசீவர் குழம்பிவிடுகிறது.

ரிசீவர் கண் ஃபேனின் மேல் கப்பில், குழலைப் பார்த்தபடி இருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் அதை எதிர்ப்பக்கம் திருப்பி, ஓரத்தில் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். இப்போது கட்டிலில் படுத்தபடியே வேகத்தை மாற்ற முடிகிறது. அப்புறம், பழைய ரெகுலேட்டரையும் கழற்றி நேர் இணைப்பு கொடுத்துவிட்டார். ரெகுலேட்டரும் ரிமோட்டும் சேர்ந்தால் ஃபேன் உறுமுமாம்.

லைட்டுக்கும் ரிமோட் கேட்டவர்களுக்கு: ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்த ஆன்-ஆஃப் போதும். ஃபேன் வேகத்தைக் குறைக்கும் இணைப்பில் டியூப் லைட்டைக் கொடுக்காதீர்கள், மினுக்கும், சோக்கும் போய்விடலாம்.