பதில்: ‘ஜியோகேஷிங்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு,

ஜனவரியில் இரண்டு வாரம் போர்ச்சுக்கலின் தென்கரையான அல்கார்வில் சைக்கிளும் கையுமாகச் சுற்றிவிட்டு வந்தேன். பயணக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. ஒருவர் ஒளித்துவைத்த சின்னப் பெட்டியை, அவர் இணையத்தில் தந்த இருப்பிட எண்களைக் கொண்டு ஜிபிஎஸ் வழியே மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் ஆட்டம்தான் ஜியோகேஷிங். அதைத் தமிழில் எப்படி எழுதுவது? நம் மடற்குழுவில் ஒருவர் சொன்னது:

> ‘புவிப்புதையல் வேட்டை’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் விதி. புதைக்காததைப் புதையல் என்பதா?

நடப்பதைச் சொல்கிறேன். தவீரா ஊருக்கு வெளியே உப்பளங்களை ஒட்டிப் பாதை போகிறது. குளிர்காலத்தில் உப்பு வாருவதில்லை. பாத்திகளில் தண்ணீர் நிற்கிறது, பூநாரைகள் அலகைத் தலைகீழாக விட்டு மேய்கின்றன. ஜிபிஎஸ் ‘நான்கு மீட்டர்’ என்றது. அங்கே இருந்தது ஓர் இரும்புத் தடுப்புக் கம்பி, அவ்வளவுதான். எதிர்ப் பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் வேறு. செயின் கழன்றதுபோல் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டேன். அவர்கள் எழுந்து போகிற வழியாக இல்லை. ஒருவர் உதவிக்கே வரப் பார்த்தார்! கடைசியில் அவர்கள் கிளம்பியதும் கம்பியின் அடியில் விரலால் தடவினேன். காந்தம் ஒட்டிய ஒரு குப்பி, கட்டைவிரல் அளவு. உள்ளே சுருட்டிய தாள். கையெழுத்துப் போட்டு, இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.

‘கேஷ்’ என்றால் ஒளித்துவைத்தது. பிரெஞ்சிலிருந்து வந்த சொல். கணினிப் பக்கம் ‘பதுக்கு நினைவகம்’ என்று சிலர் எழுதுகிறோம். அதைப் பார்த்து ‘புவிப்பதுக்கல்’ என்று போட்டால் ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் இதே சிக்கல் வந்திருக்கிறது. ஜிபிஎஸ் குறிகையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. சாதாரணக் கருவியிலும் இடம் துல்லியமாகத் தெரிந்தது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் இருப்பிட எண்களை இணையத்தில் போட்டார். அப்போது அதற்குப் பெயர் ‘ஸ்டாஷ்’ தேடல். போதைப்பொருள் பதுக்கலுக்கும் புழங்கும் அந்தச் சொல்லில் கெட்ட வாடை அடித்ததால், அதே மாதம் 30-ஆம் தேதி மாட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேஷிங்’ என்ற பெயரை முன்வைத்தார். எங்கே? நம்முடையதைப் போன்ற ஒரு மடற்குழுவில்!

என் பரிந்துரை: சிமிழ். மூடி போட்ட சின்னக் கொள்கலம், உள்ளே ஏதோ இருக்கிறது என்ற ஆவல், இரண்டும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. ஆட்டம் ‘சிமிழ்தேடல்’, ஆடுபவர் ‘சிமிழ்தேடி’.

———

> என் பரிந்துரை: சிமிழ்.

எனக்குப் பாட்டியின் குங்குமம்தான் கண்ணில் நிற்கிறது. தோட்டாப்பெட்டி அளவிலும் வைக்கிறார்களே, அதுவும் சிமிழா? ‘ஒளிபேழை’ பார்க்கலாம். அப்புறம், ‘ஜியோ’ எங்கே போயிற்று?

———

‘ஒளிபேழை’ என்றால் விளக்குக் கடைப் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது. ஒளி என்ற சொல்லுக்கு வெளிச்சமும் மறைவும் ஒன்றாக வந்து தொலைத்ததன் வினை. பெரிய பெட்டியை வேண்டுமானால் ‘பேழை’ என்போம், ஏற்கிறேன். ஆட்டத்தின் பெயர் சிமிழிலேயே இருக்கட்டும். கிடைப்பவற்றில் பாதிக்குமேல் உள்ளங்கைக்குள் அடங்குபவை, குறைந்தது எனக்குக் கிடைத்தவை அப்படித்தான்.

‘ஜியோ’வைத் தெரிந்தேதான் விட்டேன். எதற்கெடுத்தாலும் ‘புவி’யை முன்னால் ஒட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கண்ணாமூச்சியைப் ‘புவிக்கண்ணாமூச்சி’ என்றா சொல்கிறோம்?

விஷயம் தெரியாமல் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஆங்கிலத்தில் தனிப்பெயர் உண்டு. நான் ‘அயலார்’ என்று எழுதப்போகிறேன். மறுப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். நின்றுபோன வரி இப்போது இப்படி இருக்கிறது:

“பகலில் 16 டிகிரி, முகத்தில் எதிர்க்காற்று, காலையில் மூன்று சிமிழ் கிடைத்தது, நான்காவதற்கு அயலார் இருவர் எழுந்து போகும்வரை செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.”