ஸ்கூல்ல கவுன்சிலர் இல்லன்னுட்டாங்க, பொண்ணுக்கு என்ன செய்யுறது? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வொர்த் அம்மா:
வணக்கம். கோயம்புத்தூர்ல இருந்து இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு, பொண்ணுக்கு 14 வயசு, கிரேட் 9, கவர்மெண்ட் ஸ்கூல்தான். ரெண்டு மாசமா ராத்திரி தூங்காம உக்காந்திருக்கா, சரியா சாப்பிடறதில்ல, காலையில பேக்கை மாட்டுனதும் வயித்தவலின்னு அழறா. டாக்டர் பாத்துட்டு வயித்துல ஒண்ணுமில்லன்னுட்டார். ஸ்கூல்ல கேட்டா எங்ககிட்ட கவுன்சிலர் கிடையாது, வெளியில பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. வெளியில பாக்குற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்ல. அரசாங்கத்துல இதுக்கு வழியே இல்லயா?

ரிட்டயர்டு டீச்சர், ஃபீனிக்ஸ்:
இருக்கு மா. பிள்ளைக்கு என்ன கஷ்டம்னு ஸ்கூலே கண்டுபிடிச்சு உதவணும்னு 2014ல வந்த விதி, எஸ்ஐஏஎஸ் பாலிசின்னு பேர், அந்தப் பேரைச் சொல்லியே கேளுங்க. முதல்ல கிளாஸ் டீச்சர் எஸ்என்ஏ 1னு ஒரு ஃபார்ம் நிரப்பணும், அது ஸ்கூல்லயே இருக்குற சப்போர்ட் டீமுக்குப் போகும், அவங்க எஸ்என்ஏ 2 போடுவாங்க, அவங்க கைமீறிப் போச்சுன்னா கல்வித்துறையோட டிஸ்ட்ரிக்ட் டீம், அது எஸ்என்ஏ 3. கவுன்சிலர் இல்லங்கறது நிஜமா இருக்கலாம், நிறைய ஸ்கூல்ல இல்லதான், அதுக்காக ஃபார்ம் போட மாட்டோம்னு சொல்ல முடியாது. வாயால கேக்காதீங்க, தேதி போட்டு எழுதிக் குடுத்து ஒரு காப்பி வச்சுக்குங்க. ஒரு பையனோட ஃபார்ம் என் டிராயர்லயே ஒரு டெர்ம் பூரா கிடந்துச்சு, 43 பிள்ளைங்க இருந்த கிளாஸ், இன்னிக்கும் அது என் மனசை அறுக்குது. அதனாலதான் சொல்றேன், வாராவாரம் போய்க் கேளுங்க.

கிளினிக் நர்ஸ்:
டீச்சரம்மா சொன்னது சரி, ஆனா அதை மட்டும் நம்பி உக்காந்திருக்காதீங்க அக்கா. 2012ல இருந்து ஸ்கூல் ஹெல்த் திட்டம்னு நர்ஸுங்க ஸ்கூலுக்கே போறாங்க, மனசு சம்பந்தமானதும் அதுல உண்டு, ஆனா ரொம்ப ஏழை ஸ்கூலுக்குத்தான் முதல் இடம், ஃபீஸ் வாங்குற கவர்மெண்ட் ஸ்கூலுக்கு அந்த டீம் எப்ப வரும்னு சொல்ல முடியாது. அரசு கிளினிக்ல காசு கிடையாது, நேரா கூட்டிட்டுப் போங்க, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் லெட்டர் கிடைக்கும். தூக்கம், சாப்பாடு, அழுகை எல்லாம் எந்தத் தேதியில இருந்துன்னு எழுதிட்டுப் போங்க, அது ரொம்ப உதவும். செத்துப்போலாம் போல இருக்குன்னு ஒரு வார்த்தை வந்தாலும் அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடணும்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
ரொம்ப நன்றி. வீட்டுக்காரர்தான் ஃபார்ம்ல பேர் ஏறிட்டா நாளைக்குக் கல்யாணப் பேச்சுல வந்து நிக்கும், தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தா சரியாயிடும்ங்கறார்.

கிளினிக் நர்ஸ்:
காவடியும் எடுக்கட்டும், கிளினிக்குக்கும் வரட்டும். அந்த ஃபார்மை ஸ்கூல் சம்பந்தமில்லாத யாருக்கும் காட்டக்கூடாது. இங்க 2005 குழந்தைகள் சட்டப்படி 12 வயசு ஆகி விஷயம் புரியுற பிள்ளை தன் வைத்தியத்துக்கு தானே சம்மதம் குடுக்கலாம், அண்ணன்கிட்ட இதைச் சொல்லுங்க. பிள்ளைங்க ஃபோன் பண்ணி மனசுவிட்டுப் பேசுற உதவி லைன் இருக்கு, சைல்டுலைன் 116, காசில்ல, எந்நேரமும் எடுப்பாங்க. நம்பரை அவ கையிலயே குடுங்க.

சாட்ஸ்வொர்த் அம்மா:
நேத்து அந்த நம்பர்ல அவளே பேசினா, கதவைச் சாத்திக்கிட்டு நாப்பது நிமிஷம். என்ன பேசினேன்னு நான் கேக்கல. எழுதிக் கேட்டதும் கிளாஸ் டீச்சர் எஸ்என்ஏ 1 எடுத்துட்டாங்க. டிஸ்ட்ரிக்ட்ல இருந்து ஆள் வர எவ்வளவு நாளாகும்?

ரிட்டயர்டு டீச்சர், ஃபீனிக்ஸ்:
மாசக்கணக்குல ஆகும் மா, ஒரு டிஸ்ட்ரிக்ட் சைக்காலஜிஸ்ட் தலையில அத்தனை ஸ்கூல். கிளினிக் லெட்டர் கிடைச்சதும் ஒரு காப்பி அந்த ஃபார்மோட சேத்து வைக்கச் சொல்லுங்க.