அப்பாவின் சைக்கிளுக்கு மோட்டார் போட்ட கதை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஸ்ரீரங்கம்வாசி

சாதாரண சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டியவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி அப்பாவுடையது. 28 இஞ்ச், கம்பி பிரேக், தோல் சீட், காட்டர் பின் அடித்த கிராங்க். முப்பது வருஷம் வேலைக்குப் போய்வந்த வண்டி. முட்டி வலி வந்த பிறகு திண்ணையோரம் சாத்தியே கிடந்தது. என் வேலை பாலக்கரைப் பக்கம். பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் கிட் ஒன்றை வரவழைத்தேன். சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே (ஹப்) மோட்டார் இருக்கும், இது முன் சக்கரத்தில் மாட்டுவது. வீடியோவில் ஒருவர் அரை மணியில் மாட்டி ஓட்டிக் காட்டினார். எனக்கு மூன்று வாரம் ஆனது.

முதல் தகராறு போக்ஸ் கம்பியில் தொடங்கியது. வெறும் ஹப்பாக வாங்கினால் விலை குறைவு என்று ரிம் இல்லாமல் வாங்கியிருந்தேன். தெருமுனைக் கடைக்காரர் அதைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டிக்கு முன்னாடி 32 ஓட்டை, பின்னாடி 40. இதுல 36 இருக்கு. எந்த ரிம்முல கோக்கச் சொல்றீங்க?" என்றார். 36 ஓட்டை ரிம் தேடி அலைந்து, 28 இஞ்ச் என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்ததை வாங்கி வந்தால், பழைய டயர் அதில் தொளதொளவென்று நின்றது. பழைய டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. புது ரிம் 622. இரண்டையும் 28 இஞ்ச் என்றுதான் விற்கிறார்கள். ஆகப் புது டயர், புது டியூப். ஹப் பெரிதாக இருப்பதால் வழக்கமான போக்ஸ் கம்பி நீளம் அதிகம். ஒவ்வொன்றாக வெட்டி மரை போட்டுக் கோத்து, கோட்டம் எடுக்க அவருக்கு ஒரு முழு நாள் போனது.

அடுத்து பிரேக். கிட்டோடு வரும் பிரேக் லீவரில் ஒரு சுவிட்ச் இருக்கும். பிரேக் பிடித்தவுடன் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நிற்க வேண்டும், அதற்குத்தான். அந்த லீவர் கேபிள் பிரேக்குக்கானது. அப்பா வண்டியிலோ கம்பி பிரேக், அதுவும் ஹேண்டில் பாரோடு சேர்ந்தே இருப்பது. கேபிள் பிரேக்குக்கு மாறினால் ஹேண்டில் பார் மாற வேண்டும். ஹேண்டில் பார் மாறினால் பின்பக்கக் கம்பி பிரேக்குக்கும் வேலை இல்லை. பின்பக்கமும் கேபிள் பிரேக் போட்டால் அதன் கட்டை பிடிக்க அந்தப் பழைய ரிம்மில் தட்டையான பக்கம் கிடையாது. கடைசியில் பின் ரிம்மும் மாறியது.

வேலை முடிந்து வண்டியைத் திண்ணையில் நிறுத்தினேன். அப்பா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல என் சைக்கிள் எதுடா?" என்று கேட்டார். பிரேம், சீட்டு, கேரியர், பெல் என்று விரல் விட்டு எண்ணினேன். "பெல்லு போன வருஷம் மாத்தினது" என்றார்.

முழுசாகச் சொல்ல வேண்டிய தவறு ஒன்று உண்டு. மோட்டார் சக்கரத்தைச் சுற்றும்போது அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பிடிக்க ஓர் இரும்புப் பட்டை கொடுத்திருந்தார்கள். போர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) காடியை அச்சுக்குத் தக்கபடி 10 மி.மீ.க்கு அரம் போட்டு அகலப்படுத்தியதே போதும், நட்டு இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். பதினைந்தாம் நாள் காவிரிப் பாலத்து ஏற்றத்தில் டக்கென்று ஒரு சத்தம். அச்சு காடிக்குள் திரும்பி, மோட்டார் ஒயர் அதைச் சுற்றி முறுக்கிக்கொண்டு அறுந்திருந்தது. சக்கரம் கழன்று விழாதது என் நல்ல நேரம். அந்த ஒயர் கட்டில் மோட்டாருக்கான தடித்த ஒயர் மூன்று, சென்சாருக்கான மெல்லிய ஒயர் ஐந்து. ஒட்டவைக்க ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. பட்டையை இப்போது இரண்டு பக்கமும் மாட்டியிருக்கிறேன்.

செலவு: கிட் 8,900, பேட்டரி 11,500, ரிம், டயர், ஹேண்டில் பார், பிரேக், கூலி எல்லாம் சேர்த்து 4,600. ஆக மொத்தம் 25,000. இந்தக் கடைசி 4,600தான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத கணக்கு.

காந்திபுரம் 7ஏ

நல்லவேளை, பிரேக் சுவிட்சுக்காக இவ்வளவு மெனக்கெட்டீர்கள். நான் அதை மாட்டவில்லை. மழையில் நனைந்த த்ராட்டில் (வேகம் கூட்டும் திருகுபிடி) ஒருநாள் திரும்பி வராமல் அப்படியே நின்றுவிட்டது. எதிரே சிக்னலில் பஸ்ஸின் பின்பக்கம். இரண்டு பிரேக்கையும் பிடித்தும் மோட்டார் இழுத்துக்கொண்டே போனது. காலை ஊன்றி, வண்டியைச் சாய்த்து, செருப்பு தேய்ந்து நின்றேன். மறுநாள் முதல் வேலையாக அந்தச் சுவிட்ச் ஒயரைச் சேர்த்தேன். த்ராட்டிலுக்கு இப்போது பால் பாக்கெட் கவர்தான் குடை.

அருப்புக்கோட்டை தையல் அக்கா

பொம்பளை எழுதினால் யாரும் படிப்பீர்களா தெரியவில்லை, எழுதுகிறேன்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய அரசு இலவச சைக்கிள் அது. அவள் காலேஜ் பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் சும்மா கிடந்தது. எனக்குக் கடை 6 கி.மீ. தள்ளி. தம்பி ஒருவன் எலெக்ட்ரிகல் வேலை பார்க்கிறான், அவன்தான் மாட்டிக்கொடுத்தான். ஹப் மோட்டார் இல்லை. பின் சக்கரத்துக்கு இடது பக்கம் 24 வோல்ட் மோட்டார் ஒன்றை பிரேமில் பிடித்து, தனியாக ஒரு சின்ன செயினில் சக்கரத்தைச் சுற்றுகிற மாதிரி. விலை குறைவு, ரிம்மை மாற்றத் தேவையில்லை. ஆனால் கிர்ர்ர் என்று சத்தம் போடும். நான் தெருவில் திரும்பும்போதே எதிர்வீட்டுப் பாட்டி "தையக்காரி வந்துட்டா" என்று சொல்லிவிடுவார்.

ஆண்களுக்குத் தோன்றாத விஷயம் ஒன்று சொல்கிறேன். லேடீஸ் சைக்கிளில் பின் சக்கரத்து இடது பக்கம் சேலை மாட்டாமல் இருக்க ஒரு வலைக்கம்பி இருக்குமே, மோட்டார் வைக்க அதைத்தான் கழற்றினான். புது செயினுக்கு மூடியும் இல்லை. மூன்றாம் நாளே சேலை ஓரம் உள்ளே போய்ச் சிக்கியது. மோட்டார் இழுக்கிற இழுப்பு மிதிக்கிற செயின் மாதிரி இல்லை, நாம் நிறுத்துவதற்குள் ஒரு முழம் உள்ளே போய்விட்டது. வேகம் இல்லாததால் விழவில்லை. சேலை போனது போனதுதான். அப்புறம் எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி நானே மூடி செய்து திருகினேன். அக்கா தங்கைக்கு மாட்டிக்கொடுப்பவர்கள் மூடி இல்லாமல் வண்டியைக் கையில் கொடுக்காதீர்கள்.

போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி லைசென்ஸ் கேட்டார். 250 வாட்தான் சார், 25 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாது என்று மோட்டாரில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன். குனிந்து படித்தார். அப்புறம் எவ்வளவு ஆச்சு, எங்கே கிடைக்கும் என்று பத்து நிமிஷம் பேசிவிட்டு அனுப்பினார்.

ஓய்வுபெற்ற ஒயர்மேன்

அக்கா சொன்னது பாதி சரி. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் இதற்கு இடம் உண்டு. மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல், சரியான பிரேக், ஒளி திருப்பும் பட்டைகள். இதெல்லாம் இருக்கிறது என்று விதியில் சொன்ன சோதனை நிறுவனம் சரிபார்த்து அனுமதி தந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. லைசென்ஸும் பதிவும் வேண்டாம். 500 வாட், 1000 வாட் கிட்டெல்லாம் சைக்கிளுக்கு என்றே விற்கிறார்கள். அதை மாட்டினால் பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுவதாகிவிடும். யார் மேலாவது இடித்த அன்றைக்குத்தான் அதன் கனம் தெரியும்.

நான் பேட்டரியில் ஏமாந்தவன். உள்ளூரில் சேர்த்துக் கட்டிய 36 வோல்ட் லித்தியம் பேட்டரி, பாதி விலை. நான்கு மாதத்தில் 25 கி.மீ. ஓடியது 12 ஆனது. பிரித்துப் பார்த்தேன் (கை பழகாதவர்கள் பிரிக்க வேண்டாம், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்). உள்ளே பத்து வரிசை செல். உறையே நான்கு நிறத்தில் இருந்தது, பழைய லேப்டாப்பில் இருந்து உருவியது. எட்டு வரிசையில் 3.9 வோல்ட், இரண்டில் 3.1. அந்த இரண்டு சோர்ந்ததும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு மின்சுற்றுப் பலகை மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும். மற்ற எட்டில் சக்தி இருந்தும் பயன் இல்லை.

முழுசாக ஏறினால் ஒரு செல்லுக்கு 4.2, பத்துக்கு 42 வோல்ட். சார்ஜரிலும் 42 என்றுதான் போட்டிருக்க வேண்டும். கையில் கிடைத்த வேறு சார்ஜரைச் செருகாதீர்கள். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது, மாடிப்படிக்குக் கீழே போடுவது இரண்டையும் என் வீட்டில் தடை செய்திருக்கிறேன். தீப்பிடித்தால் வெளியே போகிற வழியே அதுதானே.

இதைப் புதுசு என்று நினைக்கிறோம். பின் சக்கரத்து ஹப்புக்குள் மோட்டார், பிரேமில் தொங்கும் பேட்டரி என்று ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895 கடைசியிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

உடுமலை காற்றாடி

யாராவது "ஒரு சார்ஜுக்கு எத்தனை கி.மீ.?" என்று கேட்டால் எந்த மாசம் என்று திருப்பிக் கேட்பேன். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது. அதை நம்பித்தானே இங்கே இத்தனை காற்றாலை நிற்கிறது. எனக்கு மில் மேற்கே 9 கி.மீ. சித்திரையில் போய்வர பேட்டரியில் பாதிதான் செலவாகும். ஆடியில் காலையில் போகும்போதே பாதிக்கு மேல் காலி. நம் வேகத்துக்குச் சமமான எதிர்க்காற்று அடித்தால் காற்றின் தடை நான்கு மடங்கு. 250 வாட்டில் பெரும் பங்கை அதுவே தின்றுவிடும். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது பேட்டரியை அணைத்தே வைத்திருப்பேன், காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

அந்த இரண்டு மாசம் த்ராட்டிலை முழுசாகத் திருகாமல், மோட்டாரோடு சேர்ந்து மிதித்துக்கொண்டு 15இல் போவதுதான் கணக்கு. பெருமைக்கு 25இல் போனால் கடைசி 3 கி.மீ. உருட்டிக்கொண்டு போக வேண்டும். உருட்டியிருக்கிறேன்.

மானிப்பாய்

நான் மாட்டியது விருப்பத்தில் இல்லை, 2022இல் இங்கே இலங்கையில் பெற்றோல் இல்லாமல். வரிசையில் இரவிரவாக நின்றோம், பிறகு கியூஆர் அட்டை வந்தது, அதிலும் கிழமைக்கு இத்தனை லீற்றர்தான். பள்ளிக்கூடம் 7 கி.மீ. நான் ஐம்பது கடந்தவன். கொழும்பில் தெரிந்தவர் மூலம் பழைய ஹப் மோட்டர் ஒன்று கிடைத்தது, லித்தியம் கிடைக்கவில்லை. கணினி யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் ஈய பற்றரி மூன்றைத் தொடராகக் கட்டி, கேரியரில் மரப்பெட்டி அடித்து வைத்தேன். பற்றரி மட்டும் ஆறு ஏழு கிலோ. 10 கி.மீ. போகும், அதற்கு மேல் மூச்சு வாங்கும். எங்கள் பக்கம் ஏற்றம் இறக்கம் இல்லாத தரை, அதனால் தப்பினேன்.

சார்ஜ் போடுவதுதான் பெரிய பாடு. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் வந்ததும் முதலில் தண்ணீர் மோட்டருக்கா சைக்கிளுக்கா என்று வீட்டில் சண்டை. பாடசாலையில் அதிபரிடம் கேட்டு, ஆய்வுகூடத்தில் செருகிவிட்டு வகுப்புக்குப் போவேன்.

என் மனைவி சிரிப்பார். யுத்தகாலப் பொருளாதாரத் தடை நேரம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் றேடியோச் செய்தி கேட்ட ஆக்கள் நாங்கள். அப்போது சைக்கிள் கரண்ட் தந்தது, இப்போது கரண்ட் கேட்கிறது என்பார்.

சோழவந்தான்

எல்லாரும் பயமுறுத்துகிறீர்களே! ஒரே கேள்வி. ஹப் மோட்டார் உள்ள சக்கரம் நடுரோட்டில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது? எங்கள் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் ஒயரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இன்னொன்று, ஸ்ரீரங்கத்து அண்ணன் 25,000 போட்டிருக்கிறார். அந்தக் காசுக்கு ஒரு பழைய ஸ்கூட்டியே வந்துவிடுமே?

ஸ்ரீரங்கம்வாசி

பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம் தம்பி. நம்மூர்க் கடைகளில் வழக்கமாகச் செய்கிற மாதிரி ஒரு பக்கம் மட்டும் டயரை நெம்பி, டியூபை வெளியே இழுத்து, சக்கரம் வண்டியிலேயே இருக்க ஒட்டிவிடலாம். "மோட்டாரைத் தொட வேண்டாம், டியூப் மட்டும்தான்" என்று முதலிலேயே சொன்னால் ஒட்டித் தருவார். டியூபை மாற்றுவதாக இருந்தால்தான் அச்சு நட்டைக் கழற்ற வேண்டும். அதற்கு 18ஆம் நம்பர் ஸ்பேனர். சைக்கிள் கடையில் பெரும்பாலும் இருக்காது, சீட்டுக்கடியில் ஒன்று போட்டுவையுங்கள். கழற்றுவதற்கு முன் வாஷர் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டி கேள்விக்கு: வரும்தான். 360 வாட் மணி பேட்டரி முழுசாக ஏற அரை யூனிட் கரண்ட்கூட ஆகாது, அதில் எனக்கு ஒன்றரை நாள் ஓடுகிறது. ஆனாலும் பேட்டரியைச் சில வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் நல்ல கேபிள் பிரேக் சைக்கிள், 26 இஞ்ச் ரிம், உறுதியான இரும்பு போர்க் இருந்தால் இறங்குங்கள், பாதித் தலைவலி இருக்காது. கம்பி பிரேக் வண்டி என்றால் என்னை மாதிரி அதன்மேல் பாசம் இருந்தால் மட்டும்.

அப்பா நேற்று சாயங்காலம் தானே வண்டியை எடுத்தார். த்ராட்டில் எது, சுவிட்ச் எது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். அம்மா மண்டபம் வரை போய்விட்டு அரை மணியில் வந்தார். மீட்டரைப் பார்த்தால் பேட்டரி ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. முழுக்க மிதித்தே போய்வந்திருக்கிறார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "வண்டி ரொம்பக் கனக்குதுடா. நாளைக்கு அந்தப் பேட்டரிய மட்டும் கழட்டி வச்சுடு" என்றார்.