லாக் என்பதற்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

செவ்வாய் இரவு, தருமபுரி

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு சுற்றுலாக் கையேடு மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்துக் கால்வாய்களில் வாடகைக்குப் படகெடுத்து, ஒரு வாரம் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கானது. ஏழடிகூட அகலமில்லாத நீளப் படகு, மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக்கூடாது. சைக்கிளே முந்திவிடும். அதெல்லாம் எழுதிவிட்டேன், மாட்டிக்கொண்டது ‘லாக்’கில்தான். கால்வாய் மேடேற வேண்டிய இடத்தில் கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய நீளத் தொட்டி, இரண்டு முனையிலும் கதவு. படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்திவிட்டு மேல்பக்கத்துத் தண்ணீரை விட்டால், தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும், அப்புறம் முன்கதவைத் திறந்து போக வேண்டியதுதான். டிவைசஸ் என்ற ஊரருகே இப்படி அடுத்தடுத்து 29 இருக்கின்றன, மொத்தம் 237 அடி ஏற்றம். பக்கத்துக்குப் பத்து தரம் வருகிற சொல் இது. ‘பூட்டு’ என்று போட்டால் படிக்கிறவருக்குத் திண்டுக்கல்தான் ஞாபகம் வரும். வெள்ளி மாலை கெடு.

புதன் காலை, ஓசூர்

லாக் என்றே விட்டுவிடுங்க சார். எங்கள் வீட்டில் தெலுங்கு. கோதாவரி டெல்டாவில், 1852-ல் முடிந்த தவளேஸ்வரம் அணைக்கட்டையொட்டி வெட்டிய கால்வாய்களில் இதே அமைப்பு உண்டு. அந்த ஊர்க்காரர்கள் ‘லாக்குலு’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

புதன் மதியம், அரூர்

‘லாக்குலு’வைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஐயா, இதற்கு நம்மிடம் ஒற்றை எழுத்தில் சொல் இருக்கிறது. சிலப்பதிகாரம் நாடுகாண் காதையில் காவிரிப் புதுநீர் ‘ஓ இறந்து ஒலிக்கும்’. ஓ என்றால் மதகுநீரைத் தாங்கும் கதவு. ஓவுதல் என்றால் ஓய்தல், நிற்றல். நீரை நிற்கவைப்பது ஓ. காப்பது ஓம்பல், அதுவும் இதன் உறவே என்பது என் துணிபு. ஓதம் என்ற அலையையும் இங்கேதான் சேர்க்க வேண்டும், அதைத் தனி மடலில் விரிக்கிறேன். இரண்டு ஓவுக்கு நடுவே உள்ள அறை, வகர உடம்படுமெய் பெற்று ‘ஓவறை’. முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், இதைவிடத் துல்லியமாகக் கிடைக்காது.

புதன் இரவு, கிருஷ்ணகிரி

புலவர் ஐயா மன்னிக்கணும். ஓவறை என்றால் என் வீட்டில் சமையலறைக்குப் பக்கத்து அறையா என்று கேட்பார்கள். நான் பாசனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2017 நவம்பரில் கேஆர்பி அணையில் ஷட்டர் உடைந்தபோது ஊரில் பாதிப் பேர் ‘ஷட்டர்’ என்றார்கள், பாதிப் பேர் ‘மதகு’ என்றார்கள், ரெண்டும் எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் மதகில் தண்ணீர்தான் போகும், படகு போகாது. அதனால் மதகும் வேண்டாம்.

பூட்டு, தாழ் என்ற சொற்களும் வேண்டாம். ஏன் என்றால், அந்தக் கதவுகளைக் கவனியுங்கள். ஒரே முனையில் நிற்கிற ரெண்டு கதவும் மேல்நீரைப் பார்த்துக் கைகூப்பின மாதிரி கூம்பிச் சேரும். தண்ணீர் தள்ளத் தள்ள இன்னும் இறுகும். ரெண்டு பக்கமும் மட்டம் சமமாகிற வரைக்கும் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது, சமமாகிவிட்டால் ஒரு ஆள் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் போதும். பூட்டுவது தண்ணீர்தான், அங்கே தாழும் இல்லை சாவியும் இல்லை.

வியாழன் காலை, பென்னாகரம்

எங்கள் மாமா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர். அவரிடம் படம் வரைந்து காட்டினேன். “நாங்க மேடு வந்தா பரிசலைக் கவுத்துத் தலையில போட்டுக்கிட்டு நடந்துருவோம், இவ்ளோ செலவு எதுக்கு”ன்னு கேட்டார். பேர் என்ன வைக்கலாம் மாமா என்றால், “படகைத் தூக்குது, படகேத்தி” என்கிறார். படகேற்றி, அவ்வளவுதான். அகராதி வேண்டாம்.

வியாழன் மதியம், கிருஷ்ணகிரி

நல்ல சொல்தான் தம்பி, ஆனால் அதைச் செலவழித்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் என்ற இடத்தில் 2002-ல் திறந்த பெரிய சக்கரம், படகைத் தண்ணீரோடு அள்ளி மேலே கொண்டுபோகிறது. அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? தவிர லாக்கில் படகு இறங்கவும் செய்யும். என் வாக்கு ‘நீர்ப்படி’க்கு. 29-ம் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் படிக்கட்டேதான்.

வியாழன் இரவு, அரூர்

படியில் கால் வைக்கலாம். இதில் வைத்தால் மூழ்கிவிடுவார்கள்.

வெள்ளி மதியம், தருமபுரி

எல்லாருக்கும் நன்றி. ஓசூர் சார் தவிர மற்றவர்கள் எப்படியோ படிக்கு வந்துவிட்டதால் ‘நீர்ப்படி’ போட்டேன், முதல் இடத்தில் மட்டும் ‘லாக் என்னும் நீர்ப்படி’. புலவர் ஐயாவுக்காக ஒரு முயற்சியும் செய்தேன். கதவுக்குள் தண்ணீர் விடுகிற சின்னப் பலகை இருக்கிறதே, பல்சக்கரத்தில் கைப்பிடியை மாட்டிச் சுற்றித் தூக்குவது, அதை ‘ஓ’ என்று எழுதி மகளிடம் படிக்கக் கொடுத்தேன். “ ‘மெதுவாக ஓவைத் தூக்கவும்’னா என்னப்பா, ஓன்னு கத்தணுமா?” என்றாள். பலகை என்றே மாற்றி, இப்போதுதான் அனுப்பினேன்.

வெள்ளி இரவு, அரூர்

மற்றவர்கள் என்று என்னையும் சேர்த்துவிட்டீர்கள், நான் வரவில்லை. அனுப்பியது சரி, மெய்ப்புப் பார்க்க ஒரு தரம் திரும்பி வருமல்லவா? அப்போது சொல்லுங்கள். ஓதத்தைப் பற்றி இன்னும் நான் தொடங்கவே இல்லை.