தொடாமலே கைத்துப்பாக்கி வெடித்துவிட்டது, எந்த ஸ்பிரிங் போயிருக்கும்?

தூங்காதவன்
அவசரம். சுத்தம் செய்ய எடுத்த கைத்துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது. தோட்டாக்கள் அடுக்கிய மேகசீனை எடுத்தாயிற்று, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடையும் இழுத்தாயிற்று. உள்ளே தோட்டா இருக்க வாய்ப்பே இல்லை. விசையைத் தொடவும் இல்லை. யாருக்கும் அடி இல்லை. சுவரில் ஓட்டை, காதில் இரைச்சல், அவ்வளவுதான். எந்த ஸ்பிரிங் தேய்ந்தால் இப்படி ஆகும்? அதை மாற்றினால் போதுமா?

குறிமுள்
என்ன மாடல்? சுத்தியல் போல அடிக்கும் ஹேமர் உண்டா, உள்ளே ஊசி பாயும் ஸ்ட்ரைக்கர் வகையா? என்ன தோட்டா? மேசையில் இருந்ததா, கையில் இருந்ததா, இடுப்பு உறையிலிருந்து எடுக்கும்போதா? எதையும் சொல்லாமல் ஸ்பிரிங் கேட்டால் எப்படி?

வெள்ளிமீன்
அதெல்லாம் இருக்கட்டும். துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது? மேகசீன் வெளியே இருக்கும்போது ஸ்லைடைப் பின்னால் பூட்டி, தோட்டா உட்காரும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொன்று: சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? போய்ப் பார்த்தீர்களா? மெல்லிய தடுப்புச் சுவர் கைத்துப்பாக்கிக் குண்டை நிறுத்தாது.

பழைய இரும்பு
தானாகச் சுடவே சுடாது என்று இப்போது ஒரு கூட்டம் வரும், பாருங்கள். அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். சிக் சாவர் பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் சுடுகிறது என்று 2017-இல் வெளிவந்தது. நிறுவனமே உள் பாகங்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. 2014-இல் ரெமிங்டன் 700 ரைஃபிள்களை, விசையைத் தொடாமலே சுட வாய்ப்பு உண்டு என்று திரும்பப் பெற்றார்கள். அதற்கெல்லாம் முன்னால், ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்து வைக்கும் பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் ஹேமர் நேராகத் தோட்டாவின் முதுகில் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் போச்சு. அதனால்தான் ஆறு போடும் இடத்தில் ஐந்து போட்டு, ஹேமருக்குக் கீழே காலி அறையை வைத்துக்கொள்வார்கள். ருகர் நிறுவனம் 1973-இல் குறுக்கே ஒரு தகடு வைத்த பிறகுதான் அந்த வகையில் ஆறும் போட முடிந்தது. எனவே இயந்திரக் கோளாறை ஒதுக்க வேண்டாம். துப்பாக்கி கீழே விழுந்ததா?

சந்தேகசாமி
எனக்கு ஒன்று புரியவில்லை. மேகசீன் வெளியே இருந்தால் துப்பாக்கி சுடவே சுடாது. ஆகவே இவர் மேகசீனை எடுக்கவே இல்லை.

குறிமுள்
@சந்தேகசாமி, அது சிலவற்றில்தான். 1935-இல் வந்த பிரவுனிங் ஹை-பவரில் மேகசீன் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது. க்ளாக்கில் அப்படி ஒன்றும் கிடையாது, அறையில் இருப்பது போகும். 'மேகசீன் இல்லை, சுடாது' என்ற நம்பிக்கையே ஆபத்தானது.

குறிதவறான்
மறுபடியும் 'தானாக'. இங்கே மாதம் ஒருவர் இப்படி வருகிறார். தம்பி, துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் நான்கே நான்கு விதி சொல்லிவிட்டுப் போனார். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரப்பியே இருக்கிறது. அழிக்க மனமில்லாத எதன் மேலும் குழல் முனை திரும்பக்கூடாது. குறி பார்க்கும்வரை விரல் விசைக்குப் போகக்கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன என்று தெரிய வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் மீறினால்தான் சுவரில் ஓட்டை விழும். ஸ்பிரிங்கை விடுங்கள், கையைப் பழுது பாருங்கள்.

வெள்ளிமீன்
நான்கு விதி சரி. ஆனால் அவர் கேட்டது அதுவல்லவே. உதவி கேட்டு வந்தவரை முதல் வரியிலேயே அடித்தால் அடுத்த ஆள் வாயே திறக்க மாட்டார்.

சொல்லேருழவன்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தலைப்பில் 'துப்பாக்கி வெடித்துவிட்டது' என்று இருக்கிறது. துப்பாக்கி வெடித்தால் குழல் பிளந்திருக்கும், எழுதிய விரல்கள் இருக்காது. இவருடையது சுட்டிருக்கிறது. செய்தித்தாள்தான் இந்த வழக்கத்தைப் பரப்பியது.

பழைய இரும்பு
தோட்டாவுக்குள் மருந்து வெடிக்கிறதா இல்லையா? அப்புறம் என்ன?

சொல்லேருழவன்
மருந்து வெடிப்பதில்லை ஐயா, மிக வேகமாக எரிகிறது. அந்த வாயு குண்டைத் தள்ளுகிறது. வெடிப்பது தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமரில் இருக்கும் துளி மட்டும். வெடித்தது என்று எழுதும்போதே பழி பொருளின் மேல் போய்விடுகிறது. சுட்டது என்றாலும் பாதிதான். சுட்டேன் என்று எழுதிப் பாருங்கள்.

குறிதவறான்
முதல் முறையாக இவரோடு ஒத்துப்போகிறேன்.

தூங்காதவன்
மாடல் பெயர் வேண்டாம், வீண் வம்பு. ஸ்ட்ரைக்கர் வகை, ஹேமர் இல்லை. 9 மி.மீ. கீழே விழவில்லை, கையில்தான் இருந்தது. இப்போது பூட்டி வைத்திருக்கிறேன். மற்றபடி எல்லாம் சொல்லிவிட்டேனே.

குறிமுள்
சொல்லவில்லை. முக்கியமானது வரிசை. முதலில் மேகசீனா, முதலில் ஸ்லைடா?

நினைவில்லை என்றால் தரை சொல்லும். மேகசீனை எடுத்துவிட்டு ஸ்லைடை இழுத்திருந்தால், அறையில் இருந்த தோட்டா சுடாமலே வெளியே தெறித்திருக்கும், பிறகு சுடுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி உடைந்திருந்தால் அது தோட்டாவைப் பிடித்து இழுத்திருக்காது, தோட்டா அறையிலேயே நின்றிருக்கும். அப்போது தரையில் சுடாத தோட்டா எதுவும் கிடக்காது. மூன்றாவது வழி: மேகசீன் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால், ஒன்று தெறிக்கும், அடுத்தது அதே அசைவில் மேகசீனிலிருந்து அறைக்கு ஏறிவிடும். அதற்கப்புறம் மேகசீனை எடுத்து என்ன பயன்? காலி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நிரப்பியாயிற்று. இதில் சுட்ட தோட்டாவின் காலி உறையும் ஒரு சுடாத தோட்டாவும் கிடக்கும். மேசைக்கு அடியில், நாற்காலிக்குப் பின்னால் தேடுங்கள்.

வெள்ளிமீன்
ஒரு திருத்தம். ஆரம்பத்தில் அறை காலியாக இருந்து, மேகசீனோடு ஸ்லைடை இழுத்திருந்தாலும் சுடாத தோட்டா கிடக்காது. அதனால் மேகசீனில் மிச்சம் எத்தனை என்றும் எண்ணுங்கள். எவ்வளவு போட்டீர்கள் என்று தெரிந்தால் கணக்கு வந்துவிடும்.

குறிமுள்
உண்மை, அதை விட்டுவிட்டேன்.

பழைய இரும்பு
எக்ஸ்ட்ராக்டர்தான். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது எக்ஸ்ட்ராக்டர்.

குறிதவறான்
அந்த ஒன்பதையும் யார் எண்ணினார்கள்?

ஈரக்கை
நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுதத் தோன்றியது. தோட்டா இல்லாமல் விசை பழகுவேன் இல்லையா, அப்படி ஒரு நாள் முடித்துவிட்டு, மேகசீனைப் போட்டு, ஸ்லைடை இழுத்து வைத்தேன். தொலைபேசி வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால், கை பழைய வேலையிலேயே இருந்தது. இன்னொரு தடவை மட்டும் என்று அதே சுவர்ப் புள்ளியைக் குறி பார்த்து அழுத்தினேன். எனக்கு நான்கு விதியும் தலைகீழாகத் தெரியும். அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது. இப்போது பழகும் அறைக்குள் தோட்டாவைக் கொண்டுவருவதே இல்லை, முடிந்ததும் 'முடிந்தது' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுவேன். தனியாகப் பேசுகிறான் என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வெள்ளிமீன்
எழுதியதற்கு நன்றி. இடையில் வேலை அறுந்துபோனால் முதலிலிருந்து தொடங்குவது, அதுதான் நானும் பிடித்துக்கொண்டிருப்பது. தூங்காதவன், காதில் இரைச்சல் நாளையும் இருந்தால் காது மருத்துவரிடம் போங்கள். மூடிய அறையில் ஒரே ஒரு சத்தம் போதும், 140 டெசிபலுக்கு மேல் போகும்.

சந்தேகசாமி
ஒரு சந்தேகம். எக்ஸ்ட்ராக்டரோ வரிசையோ, தோட்டா உள்ளே இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். விசையைத் தொடவில்லை என்கிறாரே? உள்ளே இருந்தால் மட்டும் போய்விடுமா?

குறிமுள்
முதல் முறையாகச் சரியான கேள்வி. தூங்காதவன், சுத்தம் செய்யப் பிரித்தீர்களா? க்ளாக் உட்படப் பல ஸ்ட்ரைக்கர் வகைகளில் ஸ்லைடைக் கழற்ற, முதலில் விசையை அழுத்தி ஸ்ட்ரைக்கரை விடுவிக்க வேண்டும். உங்களுடையதும் அப்படியா?

தூங்காதவன்
ஆமாம், அழுத்தினேன். அது கழற்றுவதற்கு அழுத்தியது. சுடுவதற்கு அழுத்தவில்லையே?

குறிதவறான்
ஐயா சாமி.

சொல்லேருழவன்
துப்பாக்கிக்கு வேற்றுமை உருபு தெரியாது.

வெள்ளிமீன்
சிரிக்காதீர்கள். எத்தனையோ பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விசையை அழுத்துவது சுத்தம் செய்யும் வேலையில் ஒரு படியாக வந்துவிட்டால், மனசு அதை விசையாகவே கணக்கில் எடுக்காது. நான் செய்வது இது: மேகசீன், பிறகு ஸ்லைடு, பிறகு கண், பிறகு விரல். இதையே திரும்ப ஒரு முறை. அப்புறம் குண்டைத் தாங்கக்கூடிய ஒன்றின் பக்கம் முனையை வைத்துக்கொண்டு, இப்போது சுடப் போகிறேன் என்று நினைத்துத்தான் அழுத்துவேன். மணல் நிரப்பிய வாளி இருந்தால் நல்லது. சுவர் கணக்கில் வராது. சுவர் என்றதும் ஞாபகம் வருகிறது, நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

பழைய இரும்பு
தோட்டா கிடைத்ததா என்றும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் எக்ஸ்ட்ராக்டர்தான், இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

குறிமுள்
மேகசீன் எண்ணிக்கை வரட்டும் ஐயா, அப்புறம் எழுதலாம்.

*(இரண்டு நாள் கழித்து)*

தூங்காதவன்
சுடாத தோட்டா கிடைத்தது. நாற்காலிக்குப் பின்னால், சுவரோரம். மேகசீன் எண்ணிக்கையும் பொருந்துகிறது. ஸ்பிரிங் எதுவும் போகவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் போர்வைகள் மடித்து வைக்கும் அலமாரி. குண்டு அதற்குள் இருந்தது. அதற்கு அடுத்தது கட்டில்.

காது பரவாயில்லை.

தலைப்பில் 'தொடாமலே' என்பதை எப்படி எடுப்பது? திருத்தும் பொத்தான் எனக்கு வரவில்லை.